ஒரே கோப்பில் ஒரு தமிழ்க் கருவி: அகர வரிசைக்கான சிறு கட்டற்ற மென்பொருளை எழுதி வெளியிடும் முறை

பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற என் அத்தை, தம் ஊரில் வழங்கும் வட்டாரச் சொற்களைத் தொகுத்து ஒரு பட்டியலாக வைத்திருந்தார். அதை அகர வரிசையில் அடுக்கித் தரச் சொன்னபோது, உரைத்திருத்தியில் உள்ள வரிசைப்படுத்தும் கட்டளையை அழுத்தி, ஒரு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “மனை எப்படிப்பா மலைக்கு முன்னால் வரும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையாக எழுதிய நிரல்தான், இன்று நான் பிறருக்கும் கொடுத்துவரும் முதல் கருவி. ஓய்வு நேரத்தில் நிரல் எழுதும் ஒருவர் இத்தகைய சிறு கருவியை எவ்வாறு திட்டமிடலாம், எங்கெங்கே கவனமாக இருக்க வேண்டும், எவ்வாறு பிறர் கையில் சேர்க்கலாம் என்பதை அந்தக் கருவியையே எடுத்துக்காட்டாக வைத்து இங்கே விளக்குகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் அல்லது பைத்தானில் சிறு நிரல்கள் எழுதிப் பழகியவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்

நிரலின் முதல் வரியைத் தொடுவதற்கு முன், அந்தக் கருவி செய்யவிருக்கும் வேலையை ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். என் தாளில் இருந்த வாக்கியம் இதுதான்: “வரிக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்த தமிழ்ச் சொற்களை, அகராதியில் உள்ளவாறு வரிசைப்படுத்தித் தர வேண்டும்.” சொற்பிழை திருத்துவதோ, பொருள் சேர்ப்பதோ, அச்சுப் பக்கம் வடிவமைப்பதோ அந்த வாக்கியத்தில் இல்லை. ஒருவருடைய உண்மையான தேவையிலிருந்து பிறந்த வேலையாக இருந்தால், அது முடிந்ததா இல்லையா என்று சொல்ல அவரே இருப்பார். ‘தமிழுக்கு ஏதாவது செய்ய வேண்டும்’ என்ற பொதுவான விருப்பத்திலிருந்து தொடங்கியவற்றில் பாதியில் நின்றுபோனவை என் கணினியிலேயே நான்கைந்து உள்ளன.

அதே வேலையை வேறொருவர் முன்பே செய்திருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். பைத்தானில் எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற (யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும்) நிரல் தொகுப்பு, ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூற்றை நெடுங்காலமாகவே கொண்டிருக்கிறது. பைத்தான் தெரிந்தவர்கள் அதை நிறுவிக்கொண்டு அதன்மேல் தங்கள் வேலையைக் கட்டலாம். என் அத்தையின் கணினியில் பைத்தானை நிறுவி அவருக்கு முனையத்தை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையை) பழக்குவது நடவாத காரியம் என்பதால், உலாவியில் திறக்கும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பாகச் செய்ய முடிவு செய்தேன். அப்போதும் ஓப்பன்-தமிழின் நிரலைப் படித்ததால் எனக்குப் பல நாள் உழைப்பு மிச்சமாயிற்று. பிறர் எழுதியதைப் படிக்க முடிவது கட்டற்ற மென்பொருள் நமக்குத் தரும் பெரிய வரம்; அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.

கணினி தமிழை எப்படிப் பார்க்கிறது

இந்தப் பகுதியை அவசரமின்றிப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தமிழுக்கான சிறு கருவிகளில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒருங்குறி (யூனிகோடு) முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை, அதாவது 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடையாது. எழுத்துகளைப் பொறுத்தவரை உயிரெழுத்துகள், ஆய்தம், அகரம் ஏறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவை மட்டுமே தனி இடம் பெற்றுள்ளன. மற்றவை இவற்றைக் கோத்து உருவாகின்றன. ‘க’ என்பது 2965 என்ற ஒரே எண். ‘க்’ என்பது 2965, 3021 என்ற இரண்டு எண்கள். ‘கி’ என்பது 2965, 3007 என்ற இரண்டு எண்கள். நமக்கு மெய்தான் அடிப்படை, அதில் உயிர் ஏறுகிறது. கணினிக்கோ அகரம் ஏறிய எழுத்தே அடிப்படை, அதில் புள்ளி ஏறுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் நாம் மூன்று எழுத்துகளைக் காண்கிறோம், ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும், ஒருங்குறி எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூ.டி.எஃப்.-8 முறையில் சேமித்தால் கோப்பில் 15 பைட்டுகளைப் பிடிக்கும். மூன்று விடைகளுமே சரி. எந்த விடை வேண்டும் என்று நிரலில் தெளிவாகச் சொல்லாதபோதுதான் குழப்பம் நேர்கிறது.

மலைக்கு முன் மனை வந்ததற்கும் இதுவே காரணம். ஒருங்குறியின் இந்திய மொழிப் பகுதிகள், இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக முன்பு வகுக்கப்பட்ட இஸ்கி குறிமுறையின் அடுக்கைப் பின்பற்றியவை. அந்த அடுக்கில் ‘ந’வை அடுத்து ‘ன’வும், ‘ர’வை அடுத்து ‘ற’வும் வருகின்றன, ‘ல, ள, ழ’ மூன்றும் அருகருகே நின்று, அவற்றுக்குப் பின்னரே ‘வ’ வருகிறது. எனவே எண்களை மட்டும் ஒப்பிடும் கட்டளை, மணி, மதி, மனை, மலை என்று அடுக்கும். தமிழ் நெடுங்கணக்கில் ‘ன’ கடைசி மெய். ஆகவே மணி, மதி, மலை, மனை என்பதே சரியான வரிசை. புள்ளியாலும் சிக்கல் உண்டு. புள்ளியின் எண் 3021, உயிர்க்குறிகள் பலவற்றுக்கும் பிற்பட்டது. எண்ணின்படி அடுக்கினால் படம், படு, பட்டம் என்று வரும். அகராதியிலோ புள்ளி பெற்ற மெய் முன்னே நின்று, பட்டம், படம், படு என்று அமைய வேண்டும்.

சொல்லை எழுத்துகளாகப் பிரித்தல்

முதல் வேலை இயல்பாக்கம். ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ‘க’வுடன் 3018 என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு விதம்; 3014, 3006 என்ற இரு குறிகளைத் தொடர்ந்து சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆனால் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். ஜாவாஸ்கிரிப்டில் உள்ள ‘நார்மலைஸ்’ என்னும் செயற்கூற்றை அழைத்தால் இரண்டும் முதல் வடிவத்துக்கு வந்துவிடும். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிறகு சொல்லை இடமிருந்து வலமாக ஒவ்வொரு எண்ணாகப் படிக்க வேண்டும். படித்த எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ, 3031 ஆக இருந்தாலோ அது குறி அல்லது புள்ளி; அதை முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். மற்ற எதுவாக இருந்தாலும் அங்கே புதிய எழுத்து தொடங்குகிறது. ஆய்தமும் தனி எழுத்தாகவே நிற்கும். இவ்வளவுதான் நெறி, இருபது வரிகளில் எழுதிவிடலாம். புதிய உலாவிகளில் எழுத்துப் பிரிப்புக்கான வசதி உள்ளேயே இருக்கிறது என்றாலும், விதிவிலக்குகளை நம் கையில் வைத்துக்கொள்ள விரும்பியதால் நானே எழுதிக்கொண்டேன்.

விதிவிலக்குகளில் முதலாவது ‘க்ஷ’. மேற்சொன்ன நெறி அதை ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாகப் பிரிக்கும். கிரந்த எழுத்துகளை நெடுங்கணக்கின் இறுதியில் வைக்கும் அகராதிகளைப் போல அதையும் ஓர் எழுத்தாகக் கொள்ள வேண்டுமானால், ‘க்’கை அடுத்து ‘ஷ’ வருவதைக் கண்டவுடன் ஒட்டிவிடும்படி ஒரு வரி சேர்க்க வேண்டும். ‘ஸ்ரீ’க்கும் அதே முடிவை எடுக்க வேண்டியிருக்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை. தேர்ந்ததைக் கருவியின் விளக்கக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் இன்னொரு தொல்லை. வேறிடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய உரையில் 8203, 8204, 8205 என்ற எண்களைக் கொண்ட அகலமற்ற குறிகள் ஒளிந்திருக்கும். விண்டோஸில் சேமித்த கோப்புகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்று இரண்டு எண்கள் இருக்கும். 10ஐ மட்டும் வைத்து வரி பிரித்தால் 13 சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். என் கருவியின் முதல் வடிவத்தில், ‘படம்’ என்ற சொல் இரண்டு முறை வந்தபோது அதை ஒரே சொல்லாக அது உணரவில்லை. ஒரு மாலை முழுவதும் அகர வரிசை நெறியையே திரும்பத் திரும்பச் சோதித்த பிறகுதான், ஒன்றின் வாலில் 13 இருப்பதைக் கண்டேன். வரி பிரித்தவுடன் இருபுறமும் உள்ள வெற்றிடங்களையும் அகலமற்ற குறிகளையும் நீக்கிவிடுவது நல்லது.

அகர வரிசைக்கு எண் கொடுத்தல்

ஜாவாஸ்கிரிப்டின் ‘லொக்கேல்-கம்பேர்’ செயற்கூற்றிடம் மொழி தமிழ் என்று சொல்லி ஒப்பிடச் செய்தால், அதுவே தமிழ் வரிசையைத் தரும். பலருக்கு அதுவே போதும். நான் எண் முறையைத் தேர்ந்ததற்குக் காரணம், எல்லாக் கணினியிலும் ஒரே விடை வர வேண்டும், அந்த விடை ஏன் வந்தது என்று என் அத்தைக்கு விளக்கவும் முடிய வேண்டும் என்பதே.

மெய்களை ‘க் ங் ச் ஞ் ட் ண் த் ந் ப் ம் ய் ர் ல் வ் ழ் ள் ற் ன்’ என்ற முறையில் 1 முதல் 18 வரை எண்ணிடுங்கள். கிரந்த எழுத்துகளுக்கு 19 முதல் கொடுங்கள். புள்ளிக்கு 0, அகரத்துக்கு 1, ஆகாரத்துக்கு 2 என்று தொடங்கி ஔகாரத்துக்கு 12 வரை கொடுங்கள். ஓர் எழுத்தின் மதிப்பு, மெய்யின் எண்ணை 20ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்டினால் கிடைக்கும். தனி உயிர்களுக்கு மெய்யெண் 0. ஆகவே அவை 1 முதல் 12 வரை அமையும். ஆய்தத்துக்கு 13 கொடுத்தால், அது உயிர்களுக்குப் பின்னும் 20 என்ற மதிப்புடைய ‘க்’குக்கு முன்னும் தானாகவே நிற்கும். பெருக்கும் எண்ணை 13 என்று வைத்தால் ஆய்தத்துக்கு இடமின்றிப் போகும் என்பதால்தான் 20.

சோதித்துப் பாருங்கள். ‘பட்டம்’ 181, 100, 101, 200 ஆகிறது. ‘படம்’ 181, 101, 200. ‘படு’ 181, 105. இரண்டாம் எண்ணிலேயே வரிசை தீர்ந்துவிடுகிறது. ‘மலை’ 201, 269. ‘மனை’ 201, 369. ஒரு சொல் தீர்ந்து மற்றது நீண்டால், தீர்ந்தது முன்னே வரும். ‘மணி’க்குப் பின்னரே ‘மணிமேகலை’. ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த எண் தொடரை ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொண்டு, பிறகு அடுக்குங்கள். ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால் பெரிய பட்டியலில் கருவி தடுமாறும்.

சொல்லும் பொருளும் ஒரே வரியில் இருந்தால், முதல் தாவலுக்கு (டேப் விசை இடும் இடைவெளிக்கு) முன் உள்ள பகுதியை மட்டும் வைத்து ஒப்பிட்டு, வரியை முழுதாக நகர்த்த வேண்டும். இதை நான் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை. அத்தையின் பட்டியலில் பொருள் வரிகள் உண்டென்று கண்ட பின்னரே சேர்த்தேன்.

திருத்தாமல் சுட்டிக்காட்டுங்கள்

தமிழ் உரையில் உருவத்தால் ஏமாற்றும் எழுத்துகள் பல. ‘ஔவை’ இரண்டெழுத்துச் சொல். ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ என்று எழுதினால் மூன்றெழுத்தாகி, வரிசையில் வேறிடத்துக்குப் போய்விடும். தமிழ் எண்களான ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ ஆகிய எழுத்துகளைப் போலவே தோன்றுவதால், படத்திலிருந்து எழுத்துணரியால் பெற்ற உரையில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்திருக்கக் காணலாம். இவற்றையெல்லாம் கருவியே திருத்திவிடலாமே என்று தோன்றும். அவ்வாறு செய்யாதீர்கள். ‘ஒளி’ என்ற சொல்லில் ‘ஒ’வும் ‘ள’வும் உரிமையோடு அடுத்தடுத்து நிற்கின்றன, கண்மூடித் திருத்தும் நிரல் அதையும் கெடுத்துவிடும். ஐயமான வரிகளுக்கு வண்ணம் இட்டுக் காட்டி, முடிவைப் பயனரிடம் விடுங்கள். ஒருவர் பல மாதங்கள் தொகுத்ததை நம் நிரல் சொல்லாமல் மாற்றுவது, உதவி என்ற பெயரில் செய்யும் தீங்கு.

இதே காரணத்தால், மூலக் கோப்பின்மீது எழுதும் வசதியை நான் வைக்கவில்லை. இடப் பெட்டியில் பட்டியலை ஒட்ட வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், வலப் பெட்டியில் விடை வரும். வேண்டுமானால் புதிய கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

ஒரே கோப்பாக அமைத்தல்

நிரல், வடிவமைப்பு, விளக்கம் மூன்றையும் ஒரே எச்.டி.எம்.எல். கோப்பினுள் வைத்தால், அதை மின்னஞ்சலில் அனுப்பலாம், பென் டிரைவில் கொடுக்கலாம், இணையம் இல்லாத ஊரிலும் திறக்கலாம். கோப்பின் தலைப்பகுதியில் குறிமுறை யூ.டி.எஃப்.-8 என்று அறிவிக்க மறக்கக் கூடாது. மறந்தால் பொத்தான்களின் பெயர்களே கலைந்து தெரியும். வெளித் தளங்களிலிருந்து எழுத்துருவோ நிரல் தொகுப்போ இழுக்காதீர்கள். அந்தத் தளம் ஒரு நாள் மறைந்தால் உங்கள் கருவியும் அதனோடு மறையும். இன்றைய கணினிகளிலும் கைப்பேசிகளிலும் தமிழ் எழுத்துரு முன்பே இருப்பதால், அதையே பயன்படுத்தினால் போதும். உரை எதுவும் கணினியை விட்டு வெளியே போகாது என்பதையும் பக்கத்தின் மேலேயே எழுதி வையுங்கள். வெளியிடாத ஆய்வேட்டை வைத்திருப்பவர் அதைப் படித்த பிறகே துணிந்து ஒட்டுவார்.

சோதனைப் பட்டியலைத் தனியாக ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஓட்டுங்கள். என் பட்டியலில் மேலே சொன்ன சொற்களோடு, அஃது, இருவிதக் ‘கொ’, வெற்று வரி, எண் கலந்த வரி, ஆங்கிலச் சொல், குறியில் தொடங்கும் பிழையான வரி ஆகியவையும் உண்டு. பிறகு நிரல் எழுதத் தெரியாத ஒருவரை அருகில் அமர்த்தி, நீங்கள் வாய் திறக்காமல் அவர் பயன்படுத்துவதைப் பாருங்கள். என் அத்தை முதல் முறை பொத்தானைத் தேடி அலைந்தார். அதில் நான் ‘செயல்படுத்து’ என்று எழுதியிருந்தேன். ‘அகர வரிசையில் அடுக்கு’ என்று மாற்றியபின் யாரும் கேட்கவில்லை.

உரிமம் இல்லாமல் வெளியிடாதீர்கள்

விலையில்லாமல் கொடுத்தால் மட்டும் ஒரு மென்பொருள் கட்டற்றதாகிவிடாது. எந்த நோக்கத்துக்கும் இயக்கவும், நிரலைப் படித்து மாற்றவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும், மாற்றிய வடிவத்தைப் பகிரவும் உரிமை இருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே காக்கிறது. பதிவு செய்யாவிட்டாலும் உரிமை எழுதியவருக்கே உரியது. ஆகவே உரிமக் குறிப்பு இல்லாத நிரலை, அது பொதுவில் கிடந்தாலும், சட்டப்படி யாரும் எடுத்துத் திருத்திப் பகிர முடியாது.

சிறு கருவிக்கு இரண்டு உரிமங்களுள் ஒன்றைத் தேர்வது எளிது. எம்.ஐ.டி. உரிமம் மிகச் சுருக்கமானது. உங்கள் பெயரும் உரிமக் குறிப்பும் நீங்காமல் இருந்தால் போதும், யாரும் எப்படியும் பயன்படுத்தலாம், மூடிய மென்பொருளுக்குள்ளும் சேர்க்கலாம். 2007இல் வெளிவந்த க்னூ பொது மக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, உங்கள் நிரலை மாற்றிப் பகிர்பவர் தம் மாற்றங்களின் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்கிறது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். தமிழ் எழுத்தைச் சரியாக அடுக்கும் நிரல் ஒருமுறை திறந்துவிட்டால், அது மறுபடி பூட்டப்படக் கூடாது என்று விரும்புகிறேன். உரிமத்தின் முழு வாசகத்தைத் தனிக் கோப்பாகவும், ஆண்டையும் பெயரையும் நிரலின் முதல் வரிகளிலும் வையுங்கள்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளங்களான கிட்ஹப் அல்லது கிட்லேப் களஞ்சியத்தில் நிரலை ஏற்றும்போது, தமிழில் எழுதிய விளக்கக் கோப்பு ஒன்றும் உடன் இருக்கட்டும். என்ன செய்யும், என்ன செய்யாது, ‘க்ஷ’வை எப்படிக் கொள்கிறது, எந்த நாளில் வெளியிட்ட பதிப்பு என்ற நான்கும் அதில் இருந்தால் பெரும்பாலான கேள்விகள் எழாது. பதிப்பு எண்ணைக் கருவியின் பக்கத்திலும் காட்டுங்கள். பிழை சொல்பவரிடம் பதிப்பு எண்ணையும், பிழை தந்த சொல்லையும் கேட்டு வாங்குங்கள். சொல்லைப் படமாக அனுப்பினால் உள்ளே உள்ள எண்களைப் பார்க்க முடியாது; உரையாகவே, முடிந்தால் கோப்பாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

புதிய வசதி கேட்பவர்கள் வருவார்கள். ஒருங்குறி அல்லாத பாமினி எழுத்துருவில் உள்ள பழைய உரையையும் ஏற்கும்படி செய்யக் கேட்டு எனக்குப் பலர் எழுதினார்கள். தேவை உண்மையானதுதான், ஆனால் அந்த எழுத்துருவில் ‘கெ’ போன்றவற்றின் கொம்பு மெய்க்கு முன்பாகவே சேமிக்கப்பட்டிருப்பதால், இடம் மாற்றும் நெறிகள் தனியாக வேண்டும். அதை இந்தக் கருவிக்குள் திணிக்காமல் இன்னொரு கோப்பாக எழுதினேன். அதன் விடையை எடுத்து இதில் ஒட்டிக்கொள்ளலாம்.

இறுதியாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. களஞ்சியத்தின் நிர்வாக உரிமையை, நீங்கள் நம்பும் இன்னொருவருக்கும் கொடுத்து வையுங்கள். நிரல், சோதனைப் பட்டியல், உரிமம், விளக்கம் ஆகிய நான்கு கோப்புகளையும் வைத்துக்கொண்டு, உங்களிடம் ஒரு சொல்லும் கேட்காமல் அவரால் ஒரு பிழையைத் திருத்தி அடுத்த பதிப்பை வெளியிட முடிகிறதா என்று ஒரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தயங்கி நிற்கிறாரோ, அந்த இடத்துக்கு விளக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.